மெத்தைக் கம்பளிக் கூடு

இந்த வசந்தத்தில் சுண்ணாம்பு மட்டையைத் தொடுவதே இல்லை என்று முன்ஜி சபதம் எடுத்துக்கொண்டார். கோடை வருமுன் ஹவாரியா என்ற அந்தக் கடலோர ஊரே மொட்டைமாடிக்கு வெள்ளையடிக்கும். அதே நாட்களில்தான் பருந்துக் கூட்டம் ஊர் மலையைத் தாண்டி சிசிலித் தீவுக்குக் கடல் கடக்கும். முன்ஜிக்கு மலையில் வேலை இருந்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது தலைநகர் தூனிஸின் பறவையியல் இதழில் பேர் வந்துவிட வேண்டும். அனுப்பிய குறிப்பெல்லாம் 'சாட்சி போதாது' என்று திரும்பி வந்தன, வளர்த்த புறா மாதிரி.

உடைந்த குஸ்குஸ் சட்டி ஒன்றில் புல்லையும் மெத்தையிலிருந்து உருவிய கம்பளியையும் திணித்தார். மாடிச் சுவர் மூலையில் செருகிவிட்டு மனைவியிடம் ஓடினார்.

"வஸீலா, மாடியில பாலைக் குருவி கூடு! நம்ம ஊர்ல இதுவரைக்கும் அது கட்டினதே இல்ல. குஞ்சு பறக்கற வரைக்கும் சுண்ணாம்பு வாடையே ஆகாது."

"முட்டை இருக்கா?"

"இனிமேத்தான் போடணும்."

"யாரு, நீயா?"

"விளையாடாதே. இது விஞ்ஞானம்."

"சரி. விஞ்ஞானத்தை யாரு பாத்துக்கறது?"

"துணி காயப்போடப் போறப்ப நீ ஒரு கண்ணு வச்சுக்கோயேன்."

"போயிட்டு வா ராசா. உன் கேமராவ மட்டும் வச்சுட்டுப் போ."

சண்டையே வரவில்லை. முன்ஜி கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு மலையேறினார். மலையில் மூடுபனி. பருந்து கிடக்கட்டும், தன் மூக்கே அவருக்குத் தெரியவில்லை.

தினமும் இருட்டியபின் வீடு திரும்பினால் சூடாகச் சோறும் செய்தியும் தயாராக இருக்கும்.

"இன்னிக்கு ஜோடியா வந்துச்சு. செங்கல் நிற உடம்பு, சாம்பல் தலை."

"பேஷ்!" தன் பொய்க்கு இவ்வளவு அழகாக இறக்கை முளைக்கிறதே என்று முன்ஜி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"பெட்டைதான் அடைகாக்குது. ஆம்பள கொஞ்ச நேரம் பாட்டுப் பாடிட்டு எங்கயோ ஊர் சுத்தப் போயிடுது."

"ஆண் பறவை அப்படித்தான்."

"தெரியுமே," என்றாள் வஸீலா.

இலையுதிர் காலத்தில் இதழ் வந்தது. முதல் பக்கத்திலேயே குஸ்குஸ் சட்டியின் படம். சட்டிக்குள் வாயைப் பிளந்த குஞ்சுகள். 'ஹவாரியாவில் பாலைக் குருவி: முதல் பதிவு. எழுதியவர் வஸீலா.'

"நிஜமாவே வந்துச்சா!"

"தினமும் சொன்னேனே."

"அது... அந்தக் கூடு..."

"என் மெத்தைக் கம்பளி எனக்கா தெரியாது? அந்தக் குருவிக்குத்தான் பாவம், தெரியல."

முன்ஜி பக்கத்தை மேலும் கீழும் தேடினார். "அப்ப என் பேரு?"

"போட்டிருக்கேன். கடைசி வரி படி."

படித்தார். 'கூடு கட்டிக் கொடுத்த என் கணவர் முன்ஜிக்கு மனமார்ந்த நன்றி.'

மறுபடி படித்தார். இத்தனை வருஷம் கழித்து, அச்சில், தன் பேர்!

"வஸீலா, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்?"

"சுண்ணாம்பு ஊறிக்கிட்டிருக்கு," என்றாள் அவள்.