கிம்பர்லிக்குப் புறப்பட்ட ஏழு அடாப்டர்கள்

பசுமலை, மதுரை
வியாழக்கிழமை, பள்ளி விட்டு வந்த பின்

பாசமும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் தமிழ்வாணி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான், போன வாரம் வாங்கிய சின்ன கிரைண்டர் ஆகிய நால்வரும் நலம். அங்கே தாங்களும், முத்துமீனா அத்தையும், அத்தை வயிற்றில் இருக்கும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில், அதிலும் கிம்பர்லியில், இப்போது குளிர்காலம் என்று புவியியல் புத்தகத்தை வைத்துக் கணித்திருக்கிறேன். தவறானால் மன்னிக்கவும்.

வாட்ஸப்பில் அனுப்பாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று தாங்கள் நினைக்கக்கூடும். எனக்கென்று போன் கிடையாது. அப்பாவின் போனைப் பெரியப்பாவும் சித்தப்பாவும் வருகிறபோதெல்லாம் நான்கு தடவை வாங்கிப் பார்க்கிறார்கள். இது அவர்கள் கண்ணில் படக்கூடாத செய்தி. அதனால் அம்மாவின் கைப்பையில் வைத்து அனுப்புகிறேன். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், விமான நிலையத்திலேயே படித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் காரணம் நான்தான். அத்தை போனில், "மதினி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம், நம்ம வீட்டு இட்லி ரெண்டு தின்னாப் போதும்" என்று சொன்ன அன்றே அம்மா கிரைண்டரோடுதான் வருவது என்று முடிவு செய்துவிட்டாள். அத்தையின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டதால் பிரசவத்துக்கு அம்மா வருகிறாள் அல்லவா, நாத்தனார் வந்து என்ன செய்தாள் என்று நாளைக்கு ஒருவரும் கேட்டுவிடக் கூடாதாம். மிக்சி போதாதா என்று அப்பா கேட்டதற்கு, "மிக்சியில அரைச்சா அது இட்லி இல்லங்க, கல்லு" என்றாள். அப்போது பக்கத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த நான், நாட்டுக்கு நாடு பிளக்கின் வடிவம் வேறு, அடாப்டர் இல்லாமல் கிரைண்டர் ஓடாது என்று சொன்னேன். அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்குகிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பையும் அப்பா என்னிடமே ஒப்படைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் காளவாசலில் ஒரு எலெக்ட்ரிகல் கடைக்குப் போனோம். தென்னாப்பிரிக்காவுக்கு அடாப்டர் வேண்டும் என்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெளிநாடுதான பாப்பா? இந்தா" என்று சதுரக் கால் மூன்று உள்ள ஒன்றை எடுத்து வைத்தார். இது சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்கு உரியது, தென்னாப்பிரிக்காவுக்கு வேறு என்று படித்தேன் என்றேன். "ஏம்ப்பா, நானும் இருவது வருசமா விக்கிறேன். மதுரையில இருந்து வெளிநாடு போனவுக அம்புட்டுப் பேரும் இதத்தான் வாங்கிட்டுப் போனாக. ஒருத்தராவது திரும்பி வந்து, பொருந்தலைன்னு சொன்னாகளா?" என்று கேட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை, மாமா. அத்தனை பேரும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்கள். நான் வாங்க வேண்டாம் என்றேன். மேலும் மூன்று கடைகளில் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம். அப்பா சோர்ந்துபோய்க் குடும்பக் குழுவில், அம்மாவின் பெயரைப் போட்டு, "பாண்டீஸ்வரி வெளியூர் கொண்டு போக அடாப்டர் எங்கும் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி போட்டார். அந்த ஒரு வரியைப் போடாமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் சோழவந்தானிலிருந்து அழகுபாண்டிப் பெரியப்பா வந்து இறங்கினார். கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமம், நடுவில் அவர் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது வாங்கிய சதுரக் கால் அடாப்டர். "தம்பி பொண்டாட்டி மொத மொத பிளேன் ஏறுது. பொறந்த வீட்டுக்காரன் முன்னாடி நம்ம வீட்டுச் செய்மொறை கொறையக் கூடாதுல்ல" என்றார். அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு விழுந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அடாப்டரின் தலையில் குங்குமப் பொட்டு இருந்தது. பொட்டு வைத்ததைப் பொருந்தாது என்று எப்படிச் சொல்வது, மாமா?

அந்தத் தாம்பாளத்தின் படம் குழுவில் வந்ததுமே செவ்வாய்க்கிழமை சிவக்குமார் சித்தப்பா வந்துவிட்டார். அவர் துபாயில் எட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு அடாப்டரோடு, ஆறு துளையும் ஐந்து மீட்டர் வயரும் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றையும் கொண்டு வந்தார். "மதினி, அண்ணன் குடுத்தது பழைய சாமான். சிங்கப்பூர்ல இருந்து வந்தே இருவது வருசமாச்சு, கிரைண்டர் கனம் தாங்காது. இதை மாட்டுங்க, வீடே ஓடும்." நான் இரண்டு அடாப்டர்களையும் வாங்கி ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இல்லை. இரண்டின் முதுகிலும் சீனாவில் செய்தது என்றுதான் எழுதியிருக்கிறது. சித்தப்பா சொன்னது எப்படியோ சோழவந்தானுக்கு எட்டிவிட, புதன்கிழமை பெரியப்பா ஆட்டோவில் ஒரு ஸ்டெபிலைசரை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் வீட்டு பிரிட்ஜுக்குப் போட்டிருந்தது, ஆறு கிலோ இருக்கும். "அந்த ஊர்க் கரண்டு ஏறி எறங்குனா என்ன செய்வ? அவென் பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டா ஆச்சா?" இதன் பிளக்கோ நம் ஊர் பிளக். இதை அங்கே மாட்டுவதற்கே ஓர் அடாப்டர் வேண்டும்.

இதற்கிடையில் எதிர்வீட்டுச் சின்னத்தாய் அக்கா மலேசியாவிலிருந்து கொண்டு வந்த ஒன்று, அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன்கள் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்பிய நான்கு என்று எல்லாம் வந்து சேர்ந்தன. மொத்தம் ஏழு. ஏழும் சதுரக் கால்.

புதன்கிழமை மாலைதான் தாங்கள் அனுப்பிய சமையலறைச் சுவரின் படம் வந்தது. மூன்று பெரிய வட்டத் துளைகள். பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகம் போல இருந்தது. எழுந்து போய் எங்கள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அதேதான், மாமா! நாம் பவர் பிளக் என்று சொல்கிறோமே, பதினைந்து ஆம்ப்ஸ், அந்தத் துளைதான் உங்கள் ஊர்த் துளை! மின்னழுத்தமும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஓடிப்போய்க் காளவாசல் கடையில், சின்ன பிளக்கைப் பவர் பிளக்கில் மாட்டுகிற கட்டை வேண்டும் என்றேன். கடைக்காரர் தன் தலைக்கு மேல் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்த சரத்திலிருந்து ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார். "இதப் போயா பாப்பா நாலு நாளா வெளிநாடு வெளிநாடுன்னு தேடுன?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் முகம் மலர்ந்து, உடனே வாடிவிட்டது. "ஏழும் சேராதுன்னு எங்க அண்ணன்கிட்ட யாரு சொல்றது? ஒந் தம்பி ஊருக்கு எங்க வீட்டுச் சாமான் ஆகாதான்னு ஒங்கம்மாவத்தான் கேப்பாரு. நீ வாயத் தொறக்காத, தாயி" என்று சொல்லிவிட்டு, தாங்கள் அனுப்பிய படத்தையும் போனிலிருந்து அழித்துவிட்டார். அம்மா அதைவிடச் சுருக்கமாக, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

அண்ணன் தம்பி இருவரும் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். மாவு ஆட்டும்போது வீடியோ கால் போட்டுத் தங்கள் பொருள் வேலை செய்வதைக் காட்ட வேண்டுமாம். இங்கேதான் தங்கள் உதவி தேவைப்படுகிறது. நான் செய்து பார்த்ததில், பெரியப்பாவின் அடாப்டர் சித்தப்பாவின் பெட்டியில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இத்தனை நாளில் அவர்கள் இருவர் பக்கத்திலும் ஒத்துப்போனவை இந்த இரண்டும்தான். எனவே கிரைண்டரைச் சரியான கட்டையில் சுவரில் மாட்டி ஓட விடுங்கள். அதன் முன்னால் சித்தப்பாவின் பெட்டியை வைத்து, அதில் குங்குமப் பொட்டு தெரிகிற மாதிரி பெரியப்பாவின் அடாப்டரைச் சொருகுங்கள். வயரின் நுனியை மாவு வாளிக்குப் பின்னால் மறைத்துவிடலாம். ஸ்டெபிலைசரை ஓரத்தில் நிறுத்தி, அதன் மேல் ஒரு துணி விரித்தால் மரியாதையாக இருக்கும். சித்தப்பாவுக்கு அவர் பெட்டியே போதும் என்பதால், மற்றவர்களின் ஐந்தையும் மீதமுள்ள ஐந்து துளைகளில் சொருகிவிட்டால் யாரும் விடுபட மாட்டார்கள். இது பொய் அல்ல என்று நினைக்கிறேன். ஓடுகிறது என்று நாம் யாரும் வாயால் சொல்லப் போவதில்லை.

அத்தை முதல் இட்லியைச் சாப்பிட்டதும் எப்படி இருந்தது என்று அவர்கள் வாயாலேயே எனக்குச் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தனியாக விமானம் ஏறப் பயம், ஆனால் வெளியே காட்டமாட்டாள். இறங்கியதும் காப்பி கொடுங்கள். பாப்பா சுகமாகப் பிறந்து, தலை நின்று, தவழ்ந்து, இந்த ஊருக்கு வந்து என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று மீனாட்சி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களான தங்களுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
மு. தமிழ்வாணி
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. மாமா, மேலே எழுதியதில் பாதியை மறந்துவிடுங்கள். வழியனுப்ப எல்லோரும் வந்திருக்கிறார்கள். அம்மாவின் பயணப் பெட்டியை எடை போட்டோம், பதினோரு கிலோ கூடுதல். எதையாவது எடுத்தே ஆக வேண்டும் என்று அப்பா சொன்னார். பெரியப்பா தன் ஸ்டெபிலைசரைப் பார்த்தார். சித்தப்பா தன் எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து கிரைண்டரைப் பார்த்தார்கள். "இது எதுக்குடா, இம்புட்டுக் கனமா?" என்றார் பெரியப்பா. "அதான அண்ணே, அங்க கடையில கெடைக்காமலா இருக்கும்" என்றார் சித்தப்பா. திங்கட்கிழமையிலிருந்து அவர்களில் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டு நான் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் காளவாசலில் வாங்கிய சரியான கட்டை கிரைண்டரின் வயரிலேயே மாட்டியிருந்தது. அதுவும் அதோடு இங்கேயே தங்கிவிட்டது. ஏழு அடாப்டர்களும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் ஸ்டெபிலைசரும் பத்திரமாகப் புறப்படத் தயாராகிவிட்டன.

ஆகவே, வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு கிரைண்டர் வாங்கிவிடுங்கள். அத்தைக்கு இட்லி வேண்டும். அந்த ஊரிலேயே வாங்குவதால் அதற்கு அடாப்டரே தேவைப்படாது. இதைப் பெரியப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.