வேங்கடசுப்ரமணியன் பானையில் மின்சாரம் எழுப்பிய காதை

வாழி வேங்கடசுப்ரமணியன்! ஆபீஸ் டைப்ரைட்டரைப் போர்ப்பறையென முழக்கும் விரலினன்! காலை லோக்கல் ரயிலில் மூவர் அமர்ந்த பெஞ்சின் ஓரத்தில் நாலாமவனாய்த் தொற்றி நிற்கும் தொடைவலி படைத்தோன்! மாட்டுங்கா மாடிவீட்டு மாவீரன், வாழி வாழி!

அறுபத்துநாலாம் ஆண்டு அடைமழையில், அழுகும் உணவைத் தின்னும் நுண்ணுயிர்கள் மின்சாரம் ஈனும் என்ற பேருண்மையை அவன் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் கண்டான். பொங்கியது வீரம். பழஞ்சோறும் வாழைக்காய்த் தோலும் அவியல் மிச்சமும் மண்பானை புகுந்தன. செத்த டார்ச் பேட்டரிகளின் வயிறு கிழித்தெடுத்த கரிக்குச்சிகள் ஈட்டிகளாய் இறங்கின. கண்காணாக் கோடிப்படை அங்கே பாசறையிட்டுப் பல்கிப் பெருக, நாற்றமாகிய முரசம் மூன்று மாடிக்கும் கேட்டது.

எதிர்வீட்டு ரேடியோ மெக்கானிக் கிட்டு மூக்கைப் பொத்தியபடி சபதமிட்டான்: "ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் என் மீட்டர்ல முள் அசையட்டும், பாதி மீசையை எடுத்துடறேன். அசையலேன்னா பானை குப்பைத்தொட்டிக்கு!"

"ஆகட்டும்!" என்று கர்ஜித்த நம் தலைவன், மனைவி அகிலாண்டத்துக்கு ஒரே ஓர் ஆணை பிறப்பித்தான்: "பிரளயமே வந்தாலும் அந்தப் பானையைக் கழுவிடாதே!" மீட்டரை இரவல் வாங்கிச் சனிக்கிழமை சோதித்தான். முள் மயிரிழை நகர்ந்தது; வீரனின் கண் கலங்கியது. தேனீ வளர்த்துத் தோற்றவன், சோப்புக் காய்ச்சித் தோற்றவன், இதிலாவது ஜெயிக்க வேண்டுமென்று ஏங்கினான் பாவம்.

ஞாயிறு வந்தது. கூடம் கொள்ளாத கூட்டம். கிட்டு கம்பிகளைப் பொருத்தினான். என்ன விந்தை! நாற்றமில்லை, கமகமவென்று பெருங்காயம் மணத்தது. முள்ளோ மேருமலையாய் நின்றது. தலைவன் தட்டினான், குலுக்கினான், குலதெய்வத்தைக் கூவி அழைத்தான். அது அசையவில்லை.

அகிலாண்டம் பெருமிதத்தோடு முன்வந்தாள்: "நாலு பேர் வர எடத்துல நாத்தமடிச்சா உங்களுக்குன்னா மானக்கேடு? சத்தியமா கழுவலை. மீந்த குழம்பை ஊசாம வெச்சுக்கறாப்ல, காலம்பர எடுத்து நன்னா ஒரு கொதி விட்டு, பெருங்காயம் போட்டுத் திருப்பி ஊத்தினேன்."

கோடிப்படையும் ஒரே கொதியில் வீரசொர்க்கம் எய்தியது! கிட்டுவின் மீசை பிழைத்தது! ஊழித்தீயாய்க் கனன்றெழுந்த வேங்கடசுப்ரமணியன் மனைவியை நோக்கினான். அவன் ஜெயிப்பான் என்று நம்பி, அவள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் கோபம் அவிந்தது.

வேங்கடசுப்ரமணியன் கீழே போய்ப் பானையைக் கொட்டிவிட்டு வந்தார், எல்லாரும் காப்பி குடித்தார்கள்.