பெண் பார்க்கப் போய்ப் பூ பார்த்த கதை

தாவரவியல் படித்தவனைப் பெண் பார்க்க அழைத்துப் போகக் கூடாது. போயே தீரவேண்டுமென்றால், முதலில் அவன் சட்டைப் பையைக் காலி செய்துவிட வேண்டும். 1950களின் கடைசியில் என் அம்மா தாமதமாகக் கண்டுபிடித்த உண்மை இது.

அப்போது நான் அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளியில் புது அறிவியல் வாத்தியார். பையில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். (பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு!) வல்லத்திராக்கோட்டையில் பெண் பார்க்கப் போனோம். காப்பித் தட்டோடு செல்லம்மாள் வந்தாள். பார்த்ததுமே பிடித்துவிட்டது. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"அத்தையக் கும்பிட்டுக்க தாயி" என்றார் அவள் அப்பா.

அவள் என் அம்மா காலில் விழுந்தாள். பின்னலில் மரிக்கொழுந்தோடு, ஊதா கலந்த நீலத்தில் ஏதோ வயக்காட்டுப் பூ. பூவாங்குருந்தல் செடியின் பூவா? அப்படியானால் சூரியகாந்திக் குடும்பம். அந்தக் குடும்பமென்றால், ஒரே பூவாகத் தெரிவதற்குள் பொடிப்பொடியாகப் பல பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். கை தானாகப் பைக்குப் போனது. கண்ணாடியை எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அவள் தலைக்கு மேல் குனிந்து பார்த்தேன்.



"என்ன தம்பி, எம் மக தலையில பேன் பாக்குறீங்களா?" அவள் ஆத்தா போட்ட சத்தத்தில் தொழுவத்து மாடு எழுந்து நின்றது.

"இல்லீங்க... பூவு... பூவாங்குருந்தலான்னு... பூவுக்குள்ள பூவு இருக்கான்னு..." நாக்கு குழறியது.

"போதுங்க, நீங்க கெளம்புங்க." அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "மானத்த வாங்கவே வந்தியாடா?" என்று அம்மா என் தொடையில் கிள்ளினார். கிள்ளல் வலிக்கவில்லை. போச்சே, எல்லாம் போச்சே என்று அழுகைதான் முட்டியது.

செல்லம்மாள் நிதானமாக எழுந்தாள். பூவைப் பின்னலிலிருந்து உருவினாள். "இங்கிட்டுக் குடுங்க" என்று கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"நெசந்தாம்ப்பா! ஒரு பூவுக்குள்ள எம்புட்டுப் பூவு!"

அப்பா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஆத்தா, கடைசியில் எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தார். பூவாங்குருந்தல்தான், சூரியகாந்திக் குடும்பம்தான். ஆவணியில் கல்யாணம்.

ஆனால் சன்னலில் எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்துப் பெண்கள், பாதியிலேயே ஊருக்குச் சொல்ல ஓடிவிட்டார்கள். தலைமையாசிரியராகி ஓய்வும் பெற்றாயிற்று. அந்த ஊரில் நான் இன்னமும் 'பேன் பாக்குற மாப்பிள்ளை'தான். மாமியார் வீட்டு வாசலில் போய் இறங்கினால் போதும், யாராவது ஒருத்தி பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு, "அண்ணே, செத்த இவ தலையப் பாருங்க" என்கிறாள். செல்லம்மாளோ உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து கையில் கொடுக்கிறாள்.

கொடுமை என்னவென்றால், அதில் பேன் ரொம்ப நன்றாகத் தெரிகிறது.