ஒத்து அண்ணனும் வெள்ளைக்காரர் கச்சேரியும்

ரங்கூன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரே ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு எழுபது வயதை எட்டியவர் எங்கள் ஒத்து அண்ணன் ஒருத்தராகத்தான் இருப்பார். நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று ஒரே சுருதியை விடாமல் ஊதுவார்களே, அந்தக் குழல்தான் ஒத்து. அவருக்கு வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. பபேடான் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். தெருவில் பர்மாக்காரர்கள் மரியாதையாக "ஊ ஒத்து" என்பார்கள்.

"ஒரு பாட்டாவது ஊதுங்களேன், அண்ணே" என்றால், "பாட்டு ஊதறவன் அங்க இங்க ஓடுவான் தங்கச்சி. நான் ஒரு எடத்துல நிக்கத் தெரிஞ்சவன்" என்பார். மீன் வாங்கப் போனாலும் துணி சுற்றிய குழல் கக்கத்தில் இருக்கும். மழை வந்தால் குடை குழலுக்கு, அவர் நனைவார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. யாருக்காக ஊதுகிறாரோ அவர் கையால் வெற்றிலை பாக்கு கொடுத்தால்தான் குழலை வாயிலிருந்து எடுப்பார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா அதை மறந்து பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். பாயசம் வரைக்கும் ஒத்து நிற்கவில்லை. மூக்கால் மூச்சு இழுத்துக் கன்னத்தில் சேமித்துக்கொள்கிற வித்தைக்காரர் ஆயிற்றே.

அப்பேர்ப்பட்டவரைத்தான் கோயிலில், மின்சாரச் சுருதிப்பெட்டி வாங்கியாச்சு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பெட்டிக்கு டீ வாங்கித் தர வேணாம்ல" என்று சிரித்தார். ஆனால் தினமும் போய் அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு வருவார். இரண்டு வருஷமாக யாரும் அவரை ஊதக் கூப்பிடவில்லை. சோறு பாதியாகக் குறைந்துபோனது.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக்குழு வந்தது. எண்ணூறு வருஷத்துக்கு முந்தின பாட்டாம், அந்தக் காலத்து மாதிரியே செய்த வாத்தியங்களாம். என் பேத்தி மாலாதான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பு. சாயங்காலம் மாதா கோயில் மண்டபத்தில் கச்சேரி. அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

ஒரு அம்மா, தரையைப் பெருக்குகிற நீளத்துக்குப் பாவாடை (இந்தச் சேற்றில் யார் துவைப்பது என்பதே எனக்குக் கவலை), நம் நாயனம் மாதிரியே ஒன்றை ஊதினார். பக்கத்தில் ஒருத்தர் மடியில் ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் தந்தியில் உரசி, ஒத்துப் போலவே ஒரே சுருதியில் முனகுகிறது. நடுவில் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், வாசிப்பு நிற்கவில்லை. அண்ணனின் பல்லை இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது 'டப்' என்று ஒரு சத்தம். ஆட்டுக்குடல் தந்தியாம், நம் ஊர் ஈரம் தாங்காமல் பெட்டியில் அறுந்துவிட்டது. மாற்றுத் தந்தியும் ஊறிக் கிடந்தது. சுருதி இல்லாமல் வாசிக்க முடியாது என்று அந்த அம்மா வாத்தியத்தைக் கீழே வைத்தார்.

"மாலா, அந்தம்மாவ ஒரு தடவ ஊதிக் காட்டச் சொல்லு" என்று அண்ணன் எழுந்துவிட்டார். காது கொடுத்துக் கேட்டார். எரிகிற மெழுகுவர்த்தியிலிருந்து மெழுகைக் கிள்ளி, குழலின் அடித்துளைகளில் ஒன்றை அடைத்தார், ஒன்றைத் திறந்தார். வாயில் வைக்கிற சீவாளியை நனைத்து ஊதினார். அச்சாக அதே சுருதி. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து ஊத, மண்டபமே தலையாட்டியது.

பாட்டு முடிந்தது. கைதட்டினோம். ஒத்து நிற்கவில்லை. அந்த அம்மா குனிந்து வணங்கினார். அண்ணனும் ஊதிக்கொண்டே குனிந்தார். அவர் மறுபடி குனிந்தார். இவரும் மறுபடி குனிந்தார்.

"பாட்டி, அடுத்த பாட்டுக்கு வேற சுருதியாம். தாத்தா நிறுத்த மாட்டேங்கறாரு."

"எப்படிடி நிறுத்துவாரு? வெத்தல யாரு குடுத்தா?"

மழையில் முனை வெற்றிலைக்கடைக்கு ஓடினேன். வாங்கி வந்து அந்த அம்மா கையில் வைத்தால், அவர் வாயைத் திறக்கிறார்.

"தின்னுறாதீங்க தாயி, அவருக்குக் குடுங்க."

மாலா சொன்னதும், இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணன் குழலை இறக்கி, துடைத்து வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"இங்க இருக்கற வரைக்கும் தெனம் வந்து ஊத முடியுமான்னு கேக்கறாங்க, தாத்தா."

"வெத்தலய முன்னாலயே வாங்கி வைக்கச் சொல்லு" என்றார், ரொம்ப கறாராக.

வீட்டுக்கு நடக்கும்போது தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்றார். "தங்கச்சி, அத்தன பேரு வாசிச்சாங்களே... என்னோடது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணே" என்றேன். நிஜத்தைச் சொன்னால், அன்றைக்கு வேறு எதுவுமே என் காதில் விழவில்லை.