கம்பியூட்டர் கொலை முயற்சி

ஒரு கொலை செய்வதென்று முடிவெடுத்துவிட்டேன். பயப்படாதீர்கள். சாகப்போவது எங்கள் வீட்டுக் கம்பியூட்டர்.

காரணத்தைக் கேட்டால் நீங்களும் என் பக்கம் வந்துவிடுவீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி வீட்டுக்கு ஒரு பெரிய சாமான். ஒன்றே ஒன்று. போன வருஷம் ஃபிரிஜ் வந்தது. எங்கள் கொட்டகலை மலைக் குளிருக்கு ஃபிரிஜ் எதற்கு என்று கேட்டேன். கேட்ட குற்றத்துக்கு அன்று ராத்திரி எனக்கு மட்டும் ஆறிப்போன சோறு. இந்த வருஷம் என் மனைவி ஜீவராணி வாஷிங் மெஷின் வேண்டும் என்கிறாள். அதிலும் துவைத்த துணியைக் காயவைத்தும் தருகிற ரகம்.

எனக்கோ லெப்டொப் வேண்டும். வெளியே பனி கொட்டும்போது போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, மடியில் லெப்டொப்பை வைத்துப் படுத்தபடியே கிரிக்கெட் மெட்ச் பார்க்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்குக் கால் விரல் வரைக்கும் சூடு ஏறுகிறது.

ஜீவராணி தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். வீட்டில் நானும் ஐந்தாம் வகுப்புதான்.

“ஏன் ராணி, இந்தத் தீபாவளிக்கு லெப்டொப் ஒண்ணு எடுத்தா என்னா?”

“இருக்கிற கம்பியூட்டருக்கு என்னா கொறச்சல்?”

“பழசாப் போச்சு.”

“நீங்களும்தான் பழசாப் போயிட்டீங்க. மாத்திட்டனா?”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ராணி கேள்வித்தாள் அடிப்பது அந்தக் கம்பியூட்டரில்தான். அது செத்துப்போனால்? வேறு வழியே இல்லை, லெப்டொப் வந்தாக வேண்டும். ஆனால் அந்தப் பெட்டி எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. மின்னல், மழை, மின்வெட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைத் தடயம் இல்லாமல் முடிக்க வேண்டும்.

பஜாரில் ஃபோனும் கம்பியூட்டரும் விற்கிற நஸார் நானாவிடம் போனேன்.

“நானா, புது சிஸ்டம் ஒண்ணு வந்திருக்காமே. எங்க வீட்டுப் பெட்டியில போடலாமா?”

“போடவே கூடாது தம்பி. அது பழைய பெட்டி, புது சிஸ்டம் அத ஏத்துக்காது. குறுக்கு வழியில போட்டா சவுண்ட் போயிடும், பிரின்டர் வேல செய்யாது, அப்டேட் ஒழுங்கா வராது. பெட்டி கொதிக்கும். ஒருநாளைக்கு ஒரேயடியா மவுத்தாகிடும்.”

“நிச்சயமா செத்துப்போகுமா?”

“என்னா தம்பி, இவ்வளவு சந்தோஷமா கேக்கிறீங்க?”

“அந்தக் குறுக்கு வழிய ஒரு பென்டிரைவ்ல ஏத்திக் குடுங்க நானா.”

சனிக்கிழமை காலையில் ராணிக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். அவளும் மகள் தனுஷிகாவும் தீபாவளித் துணி எடுக்க ஹட்டனுக்கு பஸ் ஏறினார்கள். பஸ் வளைவு திரும்பியதும் நான் கதவைச் சாத்தினேன்.

பென்டிரைவைச் செருகியதும் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. ‘இந்தக் கம்பியூட்டருக்கு இதற்கான தகுதி இல்லை.’ என் மாமனாரும் என்னைப் பற்றி இதையேதான் சொன்னார். கல்யாணம் நின்றுவிட்டதா என்ன? குறுக்கு வழியில் போனேன். அடுத்த எச்சரிக்கை வந்தது. ‘சேதம் ஏற்பட்டால் நாங்கள் பொறுப்பல்ல.’ நான் பொறுப்பு என்று வாய்விட்டே சொல்லி அமுக்கினேன். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்டது. தாராளமாக என்றேன்.

மத்தியானம் கடந்து புது சிஸ்டம் திரையில் எழுந்து நின்றது. அப்புறம் பாருங்கள் அந்த அழகை. ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. பிரின்டரை யாரென்றே தெரியாது என்றது. உள்ளே காற்றாடி தேயிலை ஃபெக்டரி மாதிரி இரைந்தது. பெட்டியில் கையை வைத்தால் நூற்று நாலு டிகிரி காய்ச்சல். நான் எழுந்து ஒரு சுற்று ஆடியே விட்டேன்.

பாதி ஆட்டத்தில் காலும் கையும் நின்றுபோயின. எல்லாவற்றையும் அழி என்றேனே, அதில் ராணியின் கேள்வித்தாள்களும் இருந்தனவே. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்காக அவள் வருஷக்கணக்கில் கண் நோக அடித்துச் சேர்த்தவை. கொலைகாரனுக்கு அப்போதுதான் வியர்த்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

“என்னா சத்தம் இது? ஃபெக்டரிய வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீங்களா?”

“நல்லதுக்குத்தான் ராணி புது சிஸ்டம் போட்டேன். பெட்டி தாங்கல போல.” அதுவரைக்கும் நடிப்பு. அதற்கு மேல் வந்தது நிஜம். “ஒன் கேள்வித்தாள் எல்லாம் போயிருச்சு ராணி.”

அவள் திட்டவில்லை. தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். அதில் கோத்திருந்த ஊக்குகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு பென்டிரைவ் தொங்கியது.

“காலையிலயே எல்லாத்தையும் இதுல எடுத்துட்டேன்.”

“ஏன்?”

“கேக்காமலே டீ போட்டுக் குடுத்தீங்களே. என்னமோ பண்ணப் போறீங்கன்னு தெரிஞ்சிருச்சு.”

போகட்டும், கேள்வித்தாள் பிழைத்தது. பெட்டி சாகும். நான் காத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க அடைமழை. வெயிலை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வீட்டுக்குள் கட்டிய கொடியில் துணிகள் ஈரம் சொட்டிக்கொண்டே கிடந்தன. பெட்டியோ கொதிக்கிறது, இரைகிறது, சாகமாட்டேன் என்கிறது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், ராணி பெட்டியின் பின்பக்கம் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“என்னாங்க, இங்க சூட்டுக் காத்து நல்லாத்தான் அடிக்குது. எங்கப்பா ஃபெக்டரியில தேயிலைக் கொழுந்து வாட்டுனவருதானே. காத்து அடிக்கிற பக்கமா பரத்திப் போடணும், அவ்வளவுதான்.”

ஃபிரிஜ்ஜுக்குள் இருந்த கம்பித் தட்டை உருவி வந்தாள். பெட்டியின் பின்னால் காற்று வரும் பக்கமாக நிறுத்தினாள். தனுஷிகாவின் வெள்ளைச் சொக்ஸை அதில் போட்டாள். கம்பியூட்டரில் மெட்ச் ஒன்று ஓடி முடிவதற்குள் சொக்ஸ் அப்பளம் மாதிரி காய்ந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு மரியாதை தனி.

“என்னாங்க, சேல இன்னும் ஈரமா இருக்கு. பெரிய வீடியோவா ஒண்ணு போடுங்க.”

“பாட்டு போதாதா?”

“பாட்டு ப்ளவுஸுக்குத்தான் போதும். சேலைக்கு வீடியோ போடணும். உங்க ஜீன்ஸுக்கு அந்தக் கார் ஓட்டுற கேமப் போட்டு வைங்க.”

சவுண்ட் இல்லாத வீடியோவைச் சேலை காய்கிற வரைக்கும் பார்த்தேன். பெட்டியைக் கொல்லப்போய் அதற்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோதுதான் மூளைக்குள் இன்னொரு லைட் எரிந்தது. அடடா, வாஷிங் மெஷின் எதற்கு? துணி காயாததற்குத்தானே? அதுதான் காய்கிறதே. அப்படியென்றால் தீபாவளிக்கு லெப்டொப்!

ராணி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன்.

“ராணி, துணி இப்ப வீட்டிலேயே காயுது. இனி வாஷிங் மெஷின் என்னாத்துக்கு?”

“காயுதுதான். தொவைக்கிறது யாரு? பைப்புல தண்ணி ஐஸ் மாதிரி வருது. எனக்கு வெரல் எல்லாம் வெடிச்சுப் போச்சு.”

“தொவைக்கிறது ஒரு வேலையா? நான் தொவைக்கிறேன்.”

“சும்மா சொல்லாதீங்க.”

“சத்தியமா.”

“எத்தன நாளைக்கு?”

“எப்பவும் நான்தான். நீ வாளியத் தொடவே கூடாது.”

“பேச்சியம்மா அக்கா,” என்று ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். “இவரு சொல்றத ஒருக்கா வந்து கேளுங்க.” பேச்சியம்மா அக்கா வந்தார். நான் அவர் முன்னாலும் நெஞ்சில் தட்டிச் சொன்னேன். போர்வையும் லெப்டொப்பும் கண்ணுக்குள் வந்துவிட்டால் மனுஷன் எதைத்தான் சொல்லமாட்டான்?

ராணி பேச்சியம்மா அக்காவைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு, “சரி, லெப்டொப்பே எடுப்போம்,” என்றாள்.

மறுநாள் மழையையும் பார்க்காமல் பஜாருக்கு நடந்தோம். நடந்தது அவள். நான் மிதந்தேன். எங்களைக் கண்டதும் நஸார் நானா முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

“வாங்க டீச்சர். போன மாசம் நீங்க சொல்லி வச்ச லெப்டொப் வந்து கெடக்கு.”

எனக்குக் கால் தரையில் பட்டது.

“போன மாசமா? அப்ப வாஷிங் மெஷின் கேட்டது?”

“ஸ்கூல் வேலைக்கு லெப்டொப் எனக்கு எப்படியும் வேணுங்க,” என்றாள் ராணி, லெப்டொப்பின் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டே. “அத நேரா கேட்டிருந்தா லெப்டொப் மட்டும்தானே கெடச்சிருக்கும்? இப்ப காய வைக்கிறதுக்கும் ஒண்ணு இருக்கு, தொவைக்கிறதுக்கும் ஒண்ணு இருக்கு.”

நஸார் நானா லெப்டொப்பைத் திறந்து வைத்தார். விரல் ரேகையை வைத்தால்தான் திறக்குமாம். ராணி தன் விரலைப் பதிந்தாள். எனக்குக் கடைசியாக ஒரு நப்பாசை. என் விரலையும் நீட்டினேன்.

ராணி என் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள்.

“உங்க வெரல் வேணாங்க. நாளையிலருந்து சவுக்காரத் தண்ணியில ஊறும். ரேக தெரியாது.”