ஷரோனின் நீலப் பம்பர்

அச்சு கழன்று வரவில்லை.

அமலநாதன் இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தான். மனைவி ஷரோனின் நீலக் கார்தான் குலுங்கியது. அதன் முன் பம்பர்மேல் காய்ந்து இறுகியிருந்த ஃபைபர்கிளாஸ் அச்சு அசையவில்லை.

உலு திராமில் அவன் வீட்டு வாசலில் அவனும் நண்பர்கள் ஜெயபாலனும் பிராண்டனுமாக மூவரும் ஒரு பழைய காரைப் பிரித்துப்போட்டுப் புதிதாக்கிக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஷரோனின் கார் மாடல்தான். பம்பர் மட்டும் இல்லை. கடையில் வாங்கினால் எல்லார் வண்டியையும்போல இருக்கும் என்று ஜெயபாலன் சொல்லிவிட்டான். அதனால் ஷரோனின் பம்பரில் அச்சு எடுத்து, அகலமாக்கி, சொந்தமாக ஒன்று செய்வதாகத் திட்டம்.

"பிராண்டன், ஒட்டாம இருக்க மெழுகு தடவுனியா?"

"மெழுகா? ஜெயபாலன் தடவிட்டான்னு நெனச்சேன் லா."

"நான் எங்கடா தடவுனேன்? ரெசின் பசை கலக்குனது மட்டும்தான் நானு!"

அமலநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். காக்கை எச்சம் படும் என்று ஷரோன் அந்தக் காரை மரத்தடியில்கூட நிறுத்தமாட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலை முடிந்து, ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். இப்போது மணி இரண்டு.

"ஆப்பு வச்சுத் தட்டுனா வந்துரும்," என்று ஜெயபாலன் ஒரு மரத்துண்டைச் செருகித் தட்டினான். அச்சு விரலளவு விலகியது. கூடவே நீலப் பெயின்ட்டும் உரிந்து வந்தது.

"அலமாக்! நிறுத்துடா!"

"சுடுதண்ணி ஊத்துனா எளகிரும் மச்சான். வீடியோல பாத்தேன்," என்றான் பிராண்டன்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்கள். அச்சு இளகவில்லை. பம்பர்தான் இளகி, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

கடைசியில் மூவரும் சேர்ந்து ஒரே இழுப்பாக இழுத்தார்கள். அச்சு வந்தது, பம்பரோடு. மூவரும் மல்லாந்து விழுந்தார்கள். நடுவில் பம்பர் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"ஒரு கீறல் இல்லாம வச்சிருந்தாடா," என்றான் அமலநாதன். அழுதுவிடுவான்போல இருந்தது.

முகப்பில்லாத காரை ஸ்கூடாய்க்கு ஓட்டிப் போனார்கள். எதிரே வந்த ஒவ்வொரு கம்பெனி பஸ்ஸையும் பார்த்ததும் அமலநாதன் தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் வாரா வாரம் கார் சாமான் வாங்கும் செல்லப்பனின் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு.

செல்லப்பன் காரைப் பார்த்தார். பின்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், அதே நீலத்தில் பெயின்ட் அடித்துக் காய்ந்த பம்பர் ஒன்றைத் தூக்கிவந்து மாட்டத் தொடங்கினார்.

அமலநாதனுக்கு நம்பவே முடியவில்லை. குனிந்து அவர் காதருகே சொன்னான்: "அண்ணே, ஷரோனுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது."

செல்லப்பன் திருகாணியை முடுக்கியபடியே சொன்னார்:

"நான் யாருகிட்டயும் சொல்ற ஆள் இல்ல தம்பி. ஷரோன் தங்கச்சி இதே பம்பர ரெண்டு தடவ மாத்திட்டுப் போச்சே, உங்ககிட்ட மூச்சு விட்டனா?"