டோல் இல்லாத சாலை

கனவில்கூட விலை விசாரிக்கும் பெண் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

மலேசியாவின் மேற்குக் கரையில், பேராக்கில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது சூரியன் மறையும் இடம். பாகான் டத்தோ கரையில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடலிலிருந்து சூரியன் எழுவதைக் காண வேண்டுமென்றால் நாட்டைக் குறுக்கே கடந்து கிழக்கே கிளந்தான் கரைக்குப் போக வேண்டும். பல்கலைக்கழகத்தின் முதலாண்டு முழுவதும், இலக்கிய விரிவுரைகளின் நடுவே, நான் அந்தப் பயணத்துக்குத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விமானம் என் தகுதிக்கு மீறியது. இரயிலிலோ தெற்கே கெமாஸ் வரை இறங்கி, அங்கே மாறி, மறுபடியும் வடக்கே ஏற வேண்டும். (படையெடுத்துப் போகிறவர்கள்கூட இவ்வளவு சுற்ற மாட்டார்கள்.) பேருந்து, அம்மா சம்மதிக்காத நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். மிஞ்சியது அண்ணன் அண்மையில் வாங்கிய பழைய கார். கிரிக் வழியாக மலைக்காட்டைக் கடக்கும் சாலையில் டோல் கட்டணமே கிடையாது என்று நான் அறிவித்தபோது, அந்தச் சாலையை நானே போட்டு முடித்தவளைப் போல நிமிர்ந்து நின்றேன்.

"சரிலா, பெட்ரோல் நீ போடு. ஆனா காருல ஒரு கீறல் விழுந்தாலும் அங்கேயே திருப்பிடுவேன்" என்றார் அண்ணன்.

ஆயுத பூசைக்கு மறுநாள் புறப்பட்டோம். தோட்டத்து லாரிகளுக்குக் கட்டுவதைப் போலவே, அம்மா காரின் முன்பக்கம் இருபுறமும் வாழைக்கன்றும் கரும்பும் கட்டியிருந்தார்.

"அம்மா, ரோடே சரியா தெரியல. அவுத்துடறேன்" என்றார் அண்ணன்.

"தானா வாடற வரைக்கும் அவுக்கக் கூடாதுப்பா. தூரப் பயணம். சாமி முன்னாடி போகட்டும்."

நான் அம்மாவின் பக்கம் நின்றேன். (கடற்கரைப் படத்தில் வாழையிலை எடுப்பாக இருக்கும் என்பது என் உள்நோக்கம்.)

கிரிக் தாண்டியதும் யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றையும் படம் பிடித்தேன், ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. பனி விலகாத ஒரு வளைவில் அண்ணன் பிரேக்கை மிதித்தார். சாலை நடுவே ஒரு குன்று நின்றது. குன்றின் காது அசைந்தது.

களிறு, வேழம், கரி, கைம்மா என்று யானைக்கு எத்தனை பெயர்களை மனப்பாடம் செய்திருந்தேன்! அப்போது வாயில் வந்தது "அண்ணே" ஒன்றுதான்.

"ரிவர்ஸ் எடுங்கண்ணே!"

"பின்னாடி லோரி நிக்குது. எங்க போறது? நீ பேசாம இருலா!"

அது அவசரமில்லாமல் வந்தது. அவ்வளவு பெரிய உடலுக்குத் தார்ச்சாலையில் காலடி ஓசையே இல்லை. தந்தத்தில் செம்மண் காய்ந்திருந்தது. தும்பிக்கை நீண்டு கரும்பை முகர்ந்தது. யானைக் காட்டுக்குள் யானைக்குச் சாப்பாடு கட்டி எடுத்து வந்திருக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது.

"பம்பர்... பம்பர்..." அண்ணன் மந்திரம் போல முணுமுணுத்தார்.

நான் அதன் கண்ணைப் பார்த்தேன். சுருக்கங்களுக்குள் தேன் நிறத்தில், நீண்ட இமைமயிர்களோடு, கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தது. அது என்னையும் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, அக்கறையும் இல்லை. மழை பார்ப்பது போல ஒரு பார்வை. என் பயம் எங்கோ போய்விட்டது. கிளந்தான் கடல், சூரியன், செலவுக் கணக்கு எதுவும் நினைவில் இல்லை. அத்தனை சிறியவளாக நான் ஒருநாளும் இருந்ததில்லை, அத்தனை நிம்மதியாகவும்.

பிறகு அது கரும்பை இழுத்தது. கரும்போடு பம்பரும் வந்தது. யானை இரண்டையும் பொறுமையாகப் பிரித்து, பம்பரைச் சாலையோரம் வைத்துவிட்டு, வாழைக்கன்றையும் பிடுங்கிக்கொண்டு காட்டுக்குள் போனது.

"ஒரு கீறல்கூட இல்லண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன்.

அண்ணன் காரைவிட்டு இறங்கினார். பம்பரைப் பின்னிருக்கையில் ஏற்றி, வந்த வழியே ஈப்போ பக்கம் காரைத் திருப்பினார்.

பழுதுபார்த்த செலவில் நாங்கள் இருவரும் விமானத்திலேயே போய் வந்திருக்கலாம். வீட்டில் பெரிய திட்டு காத்திருக்கிறது என்று நினைத்தோம். அம்மாவோ, பம்பர் இல்லாத காரின் முகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பிள்ளையாரே நேருல வந்து பூசையை வாங்கிக்கிட்டாருடி!"

அந்த வாரமே கோயிலில் செய்தி பரவியது. காரைக் கும்பிட்டுப் போக ஆட்கள் வந்தார்கள். (ஒருவர் விபூதி வைத்தார்.)

கடலிலிருந்து எழும் சூரியனை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்காவது போவதற்கு மலிவான வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்று நான் வாயைத் திறந்தால் போதும், அண்ணன் அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்:

"அம்மா, தங்கச்சி கிளம்புது. டோலுக்குக் கரும்பு எடுத்து வைங்க!"